இடப்பக்கம் ஓடிய முயல்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் இதை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கு லீவுக் கடிதமும் கூட்டுறவு வங்கிச் சீட்டும்தான். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. வாயால் சொல்ல முடியாத ஒன்றைக் கையால் சொல்லிப் பார்க்கலாமே என்றுதான் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் போனில் ஒரு படம் இருக்கிறது. போன் மாறினாலும் அந்தப் படத்தை மறக்காமல் புதிய போனுக்கு ஏற்றிக்கொள்கிறேன். மெலிந்த வாலிபன் ஒருவன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு கடை வாசலில் நிற்கிறான். அவன் தலைக்கு மேல் கடையின் பலகை. அதில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, நடுவில் சிவப்பு நிறத்தில் ஓடும் முயல், காதுகள் இரண்டும் காற்றில் பின்னால் சாய்ந்திருக்கும். அந்த வாலிபன் எனக்கு உறவில்லை. எங்கள் இன்சார்ஜ் அக்காவின் தங்கை மகன். வளைகுடா நாடு ஒன்றில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அரபு நாடு எதுவானாலும் அக்காவுக்கு அது துபாய்தான். படம் வந்த அன்றே எங்கள் கம்பெனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கூடவே குரலும் அனுப்பினாள். "பாருங்கடி, நம்ம முயலு துபாய்க்கே பூட்ச்சி!"

அது எங்கள் முயல் இல்லைதான். தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியின் அடையாளம் அது. அந்த மோட்டார் பெட்டிகளின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்களை அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கத்துச் சந்தில், மேலே தகரம் போட்ட ஒரு கொட்டகை. மோட்டாரைச் செய்கிறவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள், அவர்கள் முகத்தைக் கூட நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அந்த முயலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அதன் மீசையில் ஒரு முடி விட்டுப்போனாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அச்சடித்து வரும் தாள்களை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்த்து நல்லது, கெட்டது பிரிப்பது செக்கிங். அதற்கு இன்சார்ஜ் அக்கா. அவள் கீழே நானும் இன்னும் இரண்டு பேரும். அக்கா அச்சு மேஜையில் பல வருஷம் நின்று, முழங்கால் தேய்ந்த பிறகு செக்கிங்குக்கு வந்தவள். அச்சு வேலை முழுக்க நின்றுகொண்டே செய்வது. செக்கிங் உட்கார்ந்து செய்வது. கால் வலியைப் பற்றி அவள் யாரிடமும் புலம்ப மாட்டாள். சாயங்காலம் பஸ் படியில் ஏறும்போது மட்டும் கம்பியைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்று, பல்லைக் கடித்து, அப்புறம்தான் காலைத் தூக்கி வைப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள். "இரு நைனா, ஏரோப்ளேன் கெளம்பப் போவுதா?" என்பாள்.

அக்காவோடு பஸ்ஸில் வருவதே ஒரு வேடிக்கை. அவளுக்கும் படிப்பு என்னைப் போலத்தான், ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வானகரம் தாண்டிப் போகும்போது ஓடும் பஸ்ஸிலிருந்தே கடைகளின் அடையாளங்களைப் பார்த்து இது டயர், இது பெயிண்ட், இது குழாய் என்று சொல்லிக்கொண்டே வருவாள். பேரைப் படிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும், படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது அவள் கட்சி. வேலப்பன்சாவடி ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் வந்து நின்றால் யாரும் கம்பெனி பேரைச் சொல்ல மாட்டார்கள், "முயலு ஒண்ணு குடு" என்பார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். எங்கள் ஸ்டிக்கர் இலங்கைக்குப் போனது, ஆப்பிரிக்காவுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கீழே இருக்கும் எழுத்து மட்டும் மாறும். மேலே முயல் அப்படியே வலது பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். "எழுத்து ஊருக்கு ஊர் மாறும்டி, முயலு மாறாது" என்று அக்கா அடிக்கடி சொல்வாள். நாங்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் கோடையில் ஒரு சரக்கு திரும்பி வந்தது. சிவப்பு மை வெளுத்து முயல் ரோஸ் நிறத்தில் விழுந்திருந்தது. மை கலக்கியவர் வேறு ஆள், ஆனால் பார்த்து அனுப்பியது அக்கா. முதலாளி கெட்டவர் இல்லை. சத்தம் கூடப் போட மாட்டார். அதுதான் எங்களுக்கு அதிக பயம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, தணிந்த குரலில், "இன்னொரு தடவை சரக்கு திரும்பி வந்தா செக்கிங்குக்கு வேற ஆளப் போட வேண்டியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளையும் அவள் இரண்டு முறை பார்த்தாள். நான் பார்த்து வைத்ததையும் எடுத்துப் பார்த்தாள். எனக்கு வருத்தம் இல்லை. அந்த முழங்காலோடு மறுபடி அச்சு மேஜைக்குப் போனால் அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அரபு நாட்டுக்கான ஸ்டிக்கர் வேலை வந்தது. அவசரம், மறுநாள் காலையிலேயே வண்டி வந்துவிடும் என்றார்கள். முதலாளி பிலிம் கவரை மேஜையில் வைத்து, "எல்லாம் போன தடவை மாதிரிதான், எழுத்து மட்டும் மாறுது" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிட்டார்.

பிலிம் என்பது கண்ணாடி மாதிரி இருபுறமும் தெரியும் தாள். அதை வைத்துத்தான் அச்சுச் சட்டம் தயார் செய்வார்கள். எழுத்து இருக்கும் பிலிமைத் திருப்பிப் போட்டால் உடனே தெரிந்துவிடும். வெறும் படம் என்றால் எது முன்பக்கம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த வேலையில் சிவப்பு முயலுக்கு ஒரு பிலிம், கறுப்பு எழுத்துக்கு ஒரு பிலிம். எழுத்து பிலிமின் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை இருந்ததால் அதில் குழப்பம் வரவில்லை. முயல் பிலிமில் முயலைத் தவிர ஒன்றும் இல்லை. சட்டம் போடும் அண்ணன் முயலை முதலில் போட்டு, ஒரு தாள் அடித்து அக்காவிடம் நீட்டினார். முயல் இடது பக்கம் பார்த்து ஓடியது.

"இன்னாண்ணே, முயலு ரிவர்ஸ்ல போவுது? பிலிம்ம திருப்பிப் போட்டுகினு கீறியா?"

"கவர்ல வந்த மாதிரியேதான்மா போட்டேன்."

"கவர்ல எப்டி வந்தா இன்னா? போன தடவ மாதிரின்னு சார் சொல்லிட்டுப் போனாரு இல்ல? திருப்பு, திருப்பு."

எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. "அக்கா, உங்க தங்கச்சி புள்ள அனுப்புனான் இல்ல, அதுலயும் முயலு இந்தாண்ட பாத்துதானே ஓடுது?" என்றேன். பேக்கிங் பக்கத்தில் இருந்த ஒருத்தி கையைத் தட்டிச் சிரித்தாள். "அய்யே, வாயில்லாப் பூச்சி செக்கிங் பண்ணுதுடோய்! அக்கா, உன் எடத்துக்கு டோக்கன் போட்டாச்சு, உஷாரு!" எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை.

"அது செல்பிடி. செல்பில எல்லாமே மாறித்தான் வரும். அன்னிக்கு கல்யாணத்துல எடுத்தமே, நம்ம மாராப்பு அந்தாண்ட தோளுக்குப் போவல?"

அது உண்மைதான். அந்தக் கல்யாணப் படத்தில் எங்கள் எல்லோருடைய மாராப்பும் வலது தோளில் கிடந்தது. அதற்கு மேல் நான் பேசவில்லை. பிலிமைத் திருப்பிப் போட்டார்கள். முயல் எங்களுக்குத் தெரிந்த பக்கம் ஓடியது. சாயங்காலத்துக்குள் முழுக்க அடித்து, பார்த்து, கட்டி, கதவோரம் அடுக்கிவிட்டோம். நானும்தான் பார்த்தேன். ஒரு தாளில் கூடக் குறை இல்லை.

அன்றைக்கு பஸ்ஸில் நல்ல கூட்டம். வேலப்பன்சாவடியில் அக்கா இறங்கியதும் அவள் சீட்டில் நான் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் போனைத் திறந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். முயலைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், கடைசியில் அவன் சட்டையைப் பார்த்தேன். சட்டையில் பாக்கெட் இருந்தது. ஆம்பிளை சட்டைக்கு பாக்கெட் இடது மார்பில்தான் இருக்கும். நம்மைப் பார்த்து நிற்கிறவனுக்கு இடது மார்பு என்றால் நமக்கு அது வலது கைப் பக்கம். படத்திலும் வலது கைப் பக்கம்தான் இருந்தது. அப்படியானால் படம் மாறவில்லை. சரியாக யோசிக்கிறேனா என்று என் கையை என் நெஞ்சில் வைத்து வைத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா, "இன்னாம்மா, மாரு வலிக்குதா? தண்ணி வோணுமா?" என்று பாட்டிலை நீட்டினாள்.

தண்ணீர் வேண்டித்தான் இருந்தது. பூந்தமல்லியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். ஒரு பாக்கெட்டை நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல முடியுமா? தையற்காரன் மாற்றித் தைத்திருந்தால்? நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் அரபி ஓதக் கற்றுக்கொடுப்பவர். பிள்ளைகள் போகும்வரை வாசற்படியில் நின்றேன். "ஏம்மா வெளியவே நிக்கிற, உள்ள வா" என்று கூப்பிட்டார். போனை நீட்டி, இந்த எழுத்து நேராக இருக்கிறதா, கண்ணாடியில் பார்ப்பது போல் மாறி இருக்கிறதா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வலப்பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார். "நேராத்தான் கீது. எனக்கு ஓதத்தான் தெரியும், அர்த்தம்லாம் கேக்காத. ஆனா இது தண்ணின்னு போட்டுக்கீறான், அந்த வார்த்த எனக்குத் தெரியும்." நான் ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க எழுத்து வலதுலேந்துதானேம்மா போவுது. அப்ப முயலும் அப்டித்தான் போவணும். நீங்க போட்ட மாதிரி போட்டா வந்த வழியே திரும்பி ஓடற மாதிரி இருக்கும். எங்க தம்பி அரபு நாட்டுலதானே கடை வச்சிருந்தான். டூப்ளிகேட் ஜாஸ்தி, மார்க்கு கொஞ்சம் மாறி இருந்தாலும் போலின்னு ஒதுக்கிடுவாங்கன்னு சொல்வான்" என்றார்.

எனக்கு அது கண்ணில் தெரிந்தது. எங்கோ தெரியாத ஊரில், ஒருவர் பெட்டியைக் கையில் எடுக்கிறார், முயலைப் பார்க்கிறார், திருப்பி வைத்துவிடுகிறார். அவருக்குப் பெட்டிக்குள் இருப்பது நல்ல மோட்டார் என்று எப்படித் தெரியும்? பேர் தெரியாத ஊரில் முகம்தானே பேசும். நாங்கள் அந்த முகத்தைத் திருப்பிவிட்டோம். சரக்கு திரும்பி வரும். அக்காவின் முழங்கால்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்கு போன் செய்தேன். அடித்து அடித்து நின்றது. முதலாளியின் நம்பரும் என்னிடம் இருந்தது. ஆனால் அவரிடம் நேராகச் சொன்னால் அது அக்காவுக்குக் குழி வெட்டியதாகத்தான் ஆகும். அந்தக் கேலி காதிலேயே இருந்தது. சொன்னால் இடத்துக்கு ஆசைப்பட்டவள். சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியலாம், முடியாமலும் போகலாம். மாடிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்த வழியே வேலப்பன்சாவடிக்குத் திரும்பிப் போனேன்.

அங்கிருந்து அக்கா வீடு இருக்கும் நூம்பலுக்குள் நடக்க வேண்டும். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளின் பெயர்ப் பலகைகள் எல்லாம் விளக்கு போட்டுப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே போனேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அவள் பையிலேயே கிடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று, முயல் என்று ஆரம்பித்து, பாக்கெட் என்று குழம்பி, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "முயலு எந்தாண்ட ஓடுனா இன்னாம்மா, கறி ஒண்ணுதானே?" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. உங்ககிட்டதான் வந்தேன்."

"எவளாவது கூட இருந்து ஏத்திவுட்டாளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினாள். முயலை அவள் பார்க்கவே இல்லை. அந்த வாலிபனின் சட்டையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்த சட்டை நான் எடுத்துக் குடுத்தது. ஏர்போர்ட்டுக்கு இதான் போட்டுகினு போனான்" என்றாள். பாக்கெட் மேல் விரலை வைத்தாள். டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தானாகவே சத்தத்தைக் குறைத்தார்.

"காலைல வண்டி பூடும்" என்றாள் கடைசியில். "கப்பல்ல போய், கடைக்குப் போய், எவனாவது பாத்து, திரும்பி வர்றதுக்குள்ள எவ்ளோ நாளு ஆவும். அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. இல்ல?"

அவள் என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பையிலிருந்து போனை எடுத்து, முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், வண்டிய நிறுத்திடுங்க. முயலு தப்பா பூட்ச்சி. பிலிம்ம நான்தான் திருப்பச் சொன்னேன்."

நான் பக்கத்தில் போய், 'அவர்தானே போன தடவை மாதிரி என்றார், அதைச் சொல்லுங்கள்' என்று கையால் ஜாடை காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மறுபக்கத்தில் முதலாளியின் குரல் வழக்கம்போலத் தணிந்துதான் கேட்டது. அக்கா "சரி சார், சரி சார்" என்றாள். கடைசியில், "அவதான் சார் கண்டுபுடிச்சா. ஊடு தேடி வந்து சொன்னா" என்றாள். என் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"கெளம்பு, ஷேர் ஆட்டோ கெடைக்காது" என்றாள் என்னிடம். வாசல் வரைக்கும் வந்தாள். நான் செருப்பை மாட்டும்போது, "நீ மத்தியானமே கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்மே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கும்போது இருக்குமே, அந்த முகத்தோடு சொன்னாள்.

இன்றைக்குத் தொலைக்காட்சியிலும் போனிலும் வெளிநாட்டுத் தெருக்களைக் காட்டும்போது, எனக்குத் தெரிந்த கம்பெனி அடையாளம் ஏதாவது வந்தால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள், நான் பலகையைப் பார்க்கிறேன். அதே நிறமா, அதே பக்கமா, அங்கே இருக்கிறவர்களும் நம்மைப் போலத்தான் அதைப் பார்த்ததும் தெரிந்துகொள்வார்களா என்று மனம் பதைக்கிறது. உலகம் முழுக்க ஒன்றுதான் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது. அக்கா இப்போது வேலைக்கு வருவதில்லை. வேப்பம்பட்டில் மகளோடு இருக்கிறாள். பண்டிகைக்கு போன் செய்வேன். எல்லாவற்றையும் பேசுவோம், அந்த மாலையை மட்டும் பேச மாட்டோம்.

அந்த மாலைக்கு மறுநாள் காலை வண்டி வரவில்லை. கட்டி வைத்ததைப் பிரித்துக் கழிவில் போட்டோம். முதலாளி வந்து, அக்காவை அச்சு மேஜைக்கும் என்னை செக்கிங்கில் அக்கா இருந்த இடத்துக்கும் போகச் சொன்னார். பிலிமைத் திருப்பிப் போட்டு முதல் தாளை அக்காதான் அடித்தாள். நின்றபடியே என்னிடம் நீட்டினாள். நான் பார்த்துவிட்டு, அடிக்கலாம் என்றேன்.